அசாம் வழியாகப் போளூருக்கு

சசிகலாவின் ரேடியோ அசாம் வரைக்கும் பேசும். மலைக்குக் கீழே இருக்கிற போளூருக்குப் பேசாது. அவள் செட்டுக்கும், புளியமரத்தில் இழுத்துக் கட்டிய கம்பிக்கும் அதுதான் குணம். அலை வானத்தில் மோதித் திரும்பும்போது பக்கத்து ஊர்களைத் தாண்டி எங்கேயோ தொலைவில் போய் விழும்.

ஒரு புயலில் செல்போன் டவர் செத்து, மலையே ஊமையாகக் கிடந்த பிறகு பேரிடர்த் தொண்டுக்கு ஆள் கேட்டார்கள். சாமை அரைக்கும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த சசிகலா, நாற்பது வயதுக்குமேல் பரீட்சை எழுதி ரேடியோ லைசென்ஸ் வாங்கினாள். அதுமுதல் நாடெங்கும் அவள் கேட்டது இரண்டே கேள்விதான்: நான் பேசுவது கேட்கிறதா, உங்கள் ஊரில் மழையா?

"இதயே என்னாண்ட ஒருநாள் கேட்டிருக்கியா?" என்பான் அவள் புருஷன் கோபால்சாமி. மினிவேன் ஓட்டுகிறவன்.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டு ஜீவானந்தம் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான்.

"அக்கா, கொண்டை ஊசி வளைவுல ரோடே இல்லக்கா. இடிஞ்சு பள்ளத்துல போயிடுச்சி. நம்ம பக்கம் கல்லு வெச்சிட்டோம். கீழ்ப்பக்கம் யாருமில்ல. மேகம் எறங்கி எதிர்ல கையே தெரியல."

டவர் காலையிலேயே போயிருந்தது. கோபால்சாமி போளூரில் மளிகை ஏற்றிக்கொண்டிருப்பான். ஏற்றி முடித்ததும் மலையேறிவிடுவான்.

சசிகலா செட்டைப் போட்டாள். வேலூரிலிருந்து பதிலில்லை. திருவண்ணாமலையும் பேசவில்லை. அசாமிலிருந்து அழகான தமிழில் ஒருவர் வந்தார். கிருஷ்ணன், அங்கே வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரர்.

"உங்க குரல் பிரமாதமா கேக்குது மேடம். இங்க லேசா தூறல்..."

"தூறல் அப்புறம் சார். என் வூட்டுக்காரர் நம்பர எழுதுங்க. ரோடு இல்ல, மேல வராதீங்கன்னு போன் போட்டு சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "கட் பண்ணிட்டாரு மேடம். நான் பேங்க்ல வேலை செய்றேன். அவர் போன்ல என் பேரு 'பேங்க் கிருஷ்ணன்'னு வருது போல. 'ஓடிபி தரமாட்டேன்டா'ன்னாரு. மீதிய ரேடியோவுல சொல்லக் கூடாது."

"மறுபடி பண்ணுங்க சார்!"

மறுபடியும் பண்ணிவிட்டு வந்தார். "காலையில வீட்ல எதுக்குச் சண்டைன்னு சரியா சொன்னா நம்புறாராம். வேன் ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டுச்சு மேடம், சீக்கிரம்."

சசிகலா மைக்கை அமுக்கிவிட்டு, பேசாமலே கையை எடுத்தாள். அவசரச் செய்தி என்றதும் நாட்டில் இருக்கிற ரேடியோக்காரர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூடகமாகப் பேசுவதும் ரேடியோ விதிப்படி குற்றம். ஜீவானந்தம் வேறு நகராமல் நின்றான்.

"மீசைக்கு டை அடிச்சாரு சார்."

"அதுக்கா சண்டை?"

"என் டூத் பிரஷ்ஷால."

வெறும் இரைச்சல். பிறகு கிருஷ்ணன் முறைப்படி திருப்பிப் படித்தார்: "மீசை. டை. மனைவியின் டூத் பிரஷ். சரியா?"

"சரி சார்."

கடைசிச் சொல் தெளிவில்லை என்று கொல்கத்தாவிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் குறுக்கிட்டார். போபால்காரர் ஒருவர் அவருக்கு 'டூத் பிரஷ்'ஷை எழுத்தெழுத்தாகச் சொல்லி உதவினார்.

"நின்னுட்டாரு மேடம்!" கிருஷ்ணன் கத்தினார். "அடிவாரத்துல வேனைக் குறுக்கால போட்டு, மேல வர்ற பஸ்ஸையும் நிறுத்தப் போறாராம்!"

சசிகலா செட்டை அணைத்துவிட்டு ஜீவானந்தத்தை வெளியே அனுப்பினாள்.

மறுநாள் கோபால்சாமி காட்டுப் பாதையில் சுற்றி நடந்தே வந்து சேர்ந்தான்.

"எத்தினி பேர் கேட்டாங்க?"

"தெரியலய்யா. இந்தியா பூரா போவும்."

டீயைக் குடித்து முடித்தான். "அந்த அசாம் ஆளக் கூப்புடு."

"தேங்க்ஸ் சொல்றியா?"

"அது அப்புறம். பழைய பிரஷ்ஷுன்னு நெனச்சிதான் எடுத்தேன். அத எல்லாரும் கேக்குறாப்புல சொல்லணும்."

"லைசென்ஸ் இல்லாம நீ பேசக் கூடாது. நான்தான் சொல்லணும்."

"சொல்லேன்."

சசிகலா மைக்கை அமுக்கினாள். "கிருஷ்ணன் சார், என் வூட்டுக்காரர் ஒரு தகவல் தர்றாரு. பழைய பிரஷ்ஷுன்னு நெனச்சி எடுத்துட்டாராம்."

கையை எடுக்காமலே சேர்த்துக்கொண்டாள்: "அது புதுசு சார்."