டொராண்டோவிலிருந்து மாடம்பாக்கத்துக்கு

ஆறாம் வகுப்பில் எனக்கு ஒழுங்காக வந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான்: தூரம், வேகம், நேரம். அதனால் பெரியப்பா இறந்த மறுநாள் காலை, அழுகிற வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு நான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

பெரியப்பாவின் ஒரே மகன், எங்கள் அண்ணன், டொராண்டோவில் இருந்தான். அவன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும். எப்போது வந்து சேருவான் என்பதே மாடம்பாக்கத்து வீட்டில் எல்லோருடைய கேள்வியும். ஷோகேஸிலிருந்த உலக உருண்டையை இறக்கி, அறுந்து கிடந்த ஒரு மாலையின் நாரை எடுத்து டொராண்டோவுக்கும் சென்னைக்கும் இடையே இழுத்துப் பிடித்தேன். நார் வடதுருவத்தை உரசிக்கொண்டு போனது. உருண்டையில் போட்டிருந்த அளவுப்படி நாரை அளந்ததில் பதின்மூவாயிரம் கிலோமீட்டர் சொச்சம். விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பதினைந்து மணி நேரம்.

"நேத்து ராத்திரியே கிளம்பியிருப்பான். மத்தியானம் அண்ணன் இங்க!" என்று அறிவித்தேன்.

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்: "நேரா வந்து நிக்க அது என்ன கேம்ப் ரோடு பஸ்ஸாடி? நடுவுல துபாய்ல இறங்கி மாற வேணாமா?"

துபாயையும் சேர்த்துக் கூட்டினேன்.

ஃப்ரீசர் பெட்டிக்காரர் வாசலில் என்னைப் பிடித்தார். "இன்னா பாப்பா, எப்ப எடுக்கறாங்கோ? சேலையூர்ல இன்னொரு வூட்ல பொட்டிக்குக் காத்துகினு கீறாங்க."

"அண்ணா துபாய்ல பிளைட் மாறிட்டு வரணும், அங்கிள்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு பிளக்கைச் சரிசெய்யப் போனார்.

பதினோரு மணி வாக்கில் பெரியம்மாவின் போன் அடித்தது. "சொல்லுப்பா" என்றாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "சரிப்பா. நீ சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். பிறகு என் அப்பாவைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்களே வெச்சிடுங்க" என்றாள்.

அங்கே தங்குவதற்கான காகிதங்கள் அண்ணனுக்கு இன்னும் கைக்கு வரவில்லை, கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் பட்டது ஒன்றுதான்: எங்கள் குடும்பத்துக்குப் பொறுமை போதாது. பெரியப்பாவைத் தூக்கியபோது கேட்டின் குறுக்கே நின்று கைகளை விரித்தேன். "இன்னும் கொஞ்ச நேரம்தான்! அண்ணா துபாய் தாண்டிட்டான்!"

சின்ன விஷயத்துக்கெல்லாம் முதுகில் ஒன்று வைக்கிற அப்பா, ஈர வேட்டியோடு வந்து என் தோளைப் பிடித்து மெதுவாக ஓரமாக நகர்த்தினார். யாருமே திட்டாதது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

வீடு கழுவி முடித்த சாயங்காலம், ஈரத் தரையில் சுவரோடு சாய்ந்திருந்த பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, அண்ணன் இப்ப எங்க வந்திருப்பான்?"

"அரபிக்கடல் மேல, பெரியம்மா."

"ஜன்னல் சீட்டு கெடச்சிருக்குமா?"

"கண்டிப்பா."

"தூங்கிட்டிருப்பான்" என்றாள். "மெல்ல வரட்டும்."

அத்தனை பேர் இருந்த வீட்டில் என் கணக்கை நம்புவதற்கு அவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை.