கஸ்தூரியின் தொப்பி

கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தைக் கடையில் முகர்ந்து பார்த்தேன். கார்பைடு நெடி மூக்கில் ஏறியது, கூடவே பள்ளி நாட்களில் கஸ்தூரிமேல் எனக்கிருந்த பொறாமையும்.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்கள் ஆரம்பப் பள்ளி நூலகம் என்பது ஒரு நீள மேசையும் இரண்டு அலமாரிகளும்தான். டீச்சர் அந்த மேசையைச் சுற்றிக் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அடியில் இருந்த இருட்டைச் சுரங்கமாக்கி, படப் புத்தகங்களை அங்கே அடுக்கியிருந்தார். ஒரு புத்தகத்தைப் படித்துக் கதை சொல்கிறவளுக்குப் பழைய சுரங்கத் தொப்பி கிடைக்கும். அதன் நெற்றியில் கார்பைடு விளக்கு, ஏற்றாமலே நெடியடிக்கும் விளக்கு. அதைப் போட்டவள் முன்னால் தவழ்ந்து உள்ளே போவாள், நாங்கள் பின்னால்.

வாராவாரம் கஸ்தூரிதான் போட்டாள். கதை சொல்லும்போது அவள் கண்ணை உருட்டுவதையும், வகுப்பே வாய் பிளந்து கேட்பதையும், தொப்பி அவள் காதுவரை இறங்கி நிற்கிற அழகையும் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. அவளை மாட்டிவிடவே, அவள் எடுத்த புத்தகங்களையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"டீச்சர், அவ சொல்ற கதை எதுவும் இதுல இல்ல. படத்தப் பாத்து அவளே இட்டுக்கட்றா!"

"இன்னாடி, அப்போ நீ எல்லாத்தையும் படிச்சிட்டியா?" டீச்சர் சிரித்தபடி தொப்பியை என் தலையில் வைத்தார்.

படித்ததைப் படித்தபடியே சொன்னேன். பாதியிலேயே எல்லோரும் கஸ்தூரி பக்கம் திரும்பி, "அப்பறம் இன்னா ஆச்சு, நீ சொல்லு" என்றார்கள்.

அவள் சொல்ல ஆரம்பித்ததும், சரியாகக் காது கேட்கவேண்டுமே என்று காதை மூடியிருந்த தொப்பியை நானே கழற்றினேன்.