படிக்குக் கீழே ஒரு நாற்காலி

இயன்முறை சிகிச்சை படிக்கும்போது மருத்துவமனைப் பயிற்சிக்குப் போன புதிதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்வேன், உடனே திரும்பி என் மேற்பார்வையாளரைப் பார்ப்பேன். அவர் தலையாட்டினால்தான் அடுத்த வார்த்தை வரும். கல்லூரியில் வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். நோயாளி முன்னால் நின்றால் மட்டும் பூனைக்குட்டி.

இதைக் கண்டுபிடித்தவர் சிம்பாங் ரெங்கத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆண்ட்டி. பக்கவாதத்தில் அவருடைய இடது கால் பலவீனமாகியிருந்தது.

"ஏம்மா, அங்கயே பாத்துக்கிட்டு இருக்க? என் காலு அங்கயா இருக்கு?"

சிகிச்சை அறையே சிரித்தது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் அன்றிலிருந்தே அவரைப் பிடித்துப்போனது.

ஆண்ட்டிக்கு ஒரே கவலை, தீபாவளிக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும். வீட்டு வாசலில் படிகள். அவற்றைப் பத்திரமாக ஏறி இறங்கினால்தான் அனுப்புவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "நான் இல்லன்னா என் மக கடையில முறுக்கு வாங்கிருவா. மானம் போயிரும்லா!" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், கண் மட்டும் கலங்கியிருக்கும். அந்தப் படிப் பயிற்சியை மேற்பார்வையாளர் என்னிடம் விட்டார். அவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். "நீயே பார்த்துக்கொள்" என்று மலாயில் சொல்லிவிட்டு, அறையின் மறுகோடிக்கு வேறொரு நோயாளியிடம் போய்விட்டார்.

அறையில் பயிற்சிக்கென்று கைப்பிடி வைத்த ஒரு மரப்படி உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். அழகாகச் சொல்லிக்கொடுத்தேன். "இதை உங்க வீட்டுப் படின்னு நெனச்சுக்குங்க ஆண்ட்டி" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். ஆண்ட்டி படியருகே போனார். சட்டென்று இடது காலைத் தூக்கி உதறினார். செருப்பு ஒரு பக்கம் பறந்தது, ஆண்ட்டி மறுபக்கம் சாய்ந்தார்.

"அலமாக்!" பதறிப்போய், அவர் இடுப்பில் கட்டியிருந்த பயிற்சிப் பட்டையைப் பிடித்து நிறுத்தினேன். "என்ன ஆண்ட்டி செய்றீங்க?"

"வீட்டுப் படின்னு நீதானே சொன்ன? செருப்போடவா ஏறுவாங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பழக்கதோஷம், திரும்பிப் பார்த்தேன். மேற்பார்வையாளர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் நோயாளி பக்கம் திரும்பிக்கொண்டார். தலையாட்டவில்லை.

சரி, நான்தான் யோசிக்க வேண்டும். செருப்போடு ஏறுங்கள் என்றால் இங்கே கேட்பார், வீட்டில் கேட்கவே மாட்டார். என் அம்மாவும் கேட்கமாட்டார், நானே கேட்கமாட்டேன். அப்புறம் எதற்கு வம்பு? ஒரு நாற்காலியை இழுத்துப் படிக்குக் கீழே போட்டேன். உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவது, கைப்பிடியைப் பிடித்து எழுவது, பிறகு ஏறுவது.

"என் வீட்டு வாசல்ல நான் விருந்தாளி மாதிரி உக்காரணுமா?"

"ஆமா ஆண்ட்டி. இந்தத் தீபாவளிக்கு நீங்கதான் விருந்தாளி."

முனகிக்கொண்டே உட்கார்ந்தார். ஏறினார், இறங்கினார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே வேலைதான். அவர் மகள் வாசலில் கைப்பிடி பொருத்தி, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு, கைப்பேசியில் படம் காட்டினார்.

டாக்டர் வந்தபோது, "வீட்டுக்கு அனுப்பலாமா?" என்று மேற்பார்வையாளரைத்தான் கேட்டார். அவரோ தாடையால் என்னைக் காட்டினார். என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. விடவில்லை. நாற்காலி, கைப்பிடி, படி எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லி, "அனுப்பலாம்" என்றேன். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

தீபாவளி முடிந்து ஆண்ட்டியின் மகள் ஒரு டின் முறுக்கோடு வந்து என்னைத் தேடினார்.

"அம்மாவே உக்காந்து பிழிஞ்சாங்க. நீங்க யாரையும் திரும்பிப் பாக்காம சாப்பிடணுமாம்."

அப்படியே சாப்பிட்டேன். மேற்பார்வையாளருக்குக் கடைசியில்தான் நீட்டினேன்.