ஓரத்தில் வளைந்த கம்பம்

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம், நான் மலைமேல் கரியாலூரில் அறிவியல் ஆசிரியை. கீழே சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் மலையேறவில்லை. லீவுக்கு ஊருக்குக் கிளம்பிய நானும் பக்கத்து வீட்டு நர்ஸும் மேலேயே மாட்டிக்கொண்டோம்.

எங்கள் இருவரிடமும் பைனாகுலர் உண்டு. என்னுடையது பறவை பார்க்கச் சென்னையில் வாங்கியது. அவளுடையது பட்டாளத்து அண்ணன் கொடுத்தது. எது உசத்தி என்று வெகுநாளாய்ச் சண்டை.

"சும்மாதானே குந்திக்கினு இருக்கோம் டீச்சர்? இன்னிக்கே பாத்துடலாம். தோத்தவங்க மரவள்ளிக்கிழங்கு அவிக்கணும்" என்றாள்.

எதிரே இருந்த கரண்ட் கம்பத்தைப் பார்த்தோம். என் பைனாகுலரில், வட்டத்தின் நடுவே கம்பம் நேராகத்தான் நின்றது. மெல்லத் திருப்பி ஓரத்துக்குக் கொண்டுபோனதும் வில்லாக வளைந்து, நடுவைப் பார்த்து வயிறு தள்ளியது. அவளுடையதில் ஓரத்திலும் நேராகவே நின்றது. பள்ளிக்கூட ஜன்னல் கம்பி, ஓட்டுக் கூரையின் விளிம்பு எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் எனக்கு எதிராகவே சாட்சி சொல்லின. கிழங்கை நான்தான் அவித்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் பஸ் வருகிறதா என்று அவள் தன் பைனாகுலரை மலைச்சரிவு நெடுகத் திருப்பினாள்.

"ஐயோ டீச்சர், மலை உருளுது! தலை சுத்துது!"

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். சரிவு முழுக்கப் பெரிய பந்தின்மேல் ஒட்டிவைத்தது போல உருண்டது. என்னுடையதில் அதே சரிவு சமமாக நகர்ந்து போனது. நெடுநேரம் யோசித்த பிறகுதான், என்னுடையதில் ஓரத்திலுள்ள அந்த வளைவே உருளலைச் சரிக்கட்டுகிறது என்று பிடிபட்டது.

"அப்ப கோணலை வேணும்னே வெச்சிருக்காங்களா?"

"இருக்கும்போல" என்றேன்.

"இன்னா டீச்சர், இத மொதல்லயே சொல்லியிருந்தா கிழங்கை நானே அவிச்சிருப்பேனே!" என்று சிரித்தாள்.

பறவை ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும். எனக்கு அவளுடையது தோது. அவளோ ஓயாமல் பாதையைத் துழாவுகிறவள். அங்கேயே மாற்றிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் காலை அவள்தான் முதலில் கண்டாள். பஸ் இல்லை, லாரி. மரங்களை அகற்றிவிட்டதாக டிரைவர் சொன்னார். அது பலாப்பழம் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது, பழங்களுக்கு நடுவே இடம் பிடித்து இருவரும் மலையிறங்கினோம்.