எலியா, மனுஷனா?

“செத்த நரம்பு திரும்ப வளருதாம். ஏதோ ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல கண்டுபிடிச்சிருக்காங்க,” என்றார் அண்ணி, தோளிலிருந்து பையை இறக்குவதற்குள்.

சாய்வு நாற்காலியில் இருந்த அண்ணன் கேட்டார்: “எலியா, மனுஷனா?”

“எலி.”

“எலி இப்ப எப்படி இருக்கு?”

“நடக்குதாம். சக்கரத்துல ஏறி ஓடுதாம்.”

“கொடுத்து வெச்ச எலி.”

“ஓடினா என்ன, அதுக்கு யாரும் பஸ் ஓட்டுற வேலை தரப்போறதில்ல.”

“தந்தாலும் தருவாங்க. எங்க டிப்போவுல அதைவிட மோசமா ஓட்டுறவனெல்லாம் இருக்கான்.”

பக்கத்தில் அண்ணனின் தங்கையும் இருந்தாள். மூவரும் சிரித்தார்கள். தங்கைக்கு அந்தப் பேச்சு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அண்ணன் அத்தனை சொற்களைத் தடுமாறாமல் சேர்த்துச் சொல்லி அவள் கேட்கவில்லை.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். ஒரு மழைநாளில் கியர் மாற்றும் கை சொன்னபடி கேட்கவில்லை. பிறகு கால், பிறகு நாக்கு. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய் என்றார் மருத்துவர். இதைக் குணமாக்க மருந்து இல்லை என்பதைச் சொல்ல அவர் வெகுநேரம் சுற்றிவளைத்தார். வெளியே வந்ததும் அண்ணி, “இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே,” என்று மட்டும் சொன்னார்.

அண்ணி நூலகர். வாசிப்பறையின் வாசலில், குடை வைக்கும் இடத்துக்கு மேலே, ஒரு பலகை வைத்திருந்தார். பழைய நாளிதழ்களிலிருந்து அறிவியல், மருத்துவச் செய்திகளைக் கத்தரித்து அதில் குத்திவைப்பார். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்புப் பென்சிலால் ஒரு குறிப்பு இருக்கும்: ‘எலி’, ‘சோதனைக் குழாய்’, ‘சிலர்’, ‘ஆயிரக்கணக்கானோர்’. அந்த ஆராய்ச்சியை யாரிடம் செய்து பார்த்தார்கள் என்பதற்கான குறிப்பு அது. நாளிதழ்கள் பெரும்பாலும் அதைச் சொல்லாது. அப்போது அண்ணி நாத்தனாரைத்தான் கேட்பார். தங்கை ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். மூல ஆங்கில அறிக்கையைத் தேடிப் படித்து, வேலைக்கு நடுவே தொலைபேசியில் சொல்வாள்.

பெரும்பாலும் எலிதான். அதனால் வாசகர்கள் அண்ணிக்கு ‘எலி மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“ஒரு இலைச்சாறு குடிச்சா சர்க்கரை இறங்குதுன்னு போட்டிருக்கே மேடம், மாத்திரையை நிறுத்திடவா?” என்று ஒருமுறை தையல்காரர் கேட்டார்.

“எலிக்கு இறங்கியிருக்கு. உங்களுக்கு வால் முளைச்சதும் வந்து சொல்லுங்க, நிறுத்திடலாம்.”

வாசிப்பறையே சிரித்தது. தையல்காரர் மாத்திரையை நிறுத்தவில்லை.

நூலகம் பூட்டியபின் தங்கையோடு சேர்ந்து வீட்டுக்கு நடக்கும் நாட்களில் அண்ணி தனக்குள் பேசுவதுபோல் பேசிக்கொண்டு வருவார். “எல்லா செய்தியிலயும் கடைசி வரியில ‘விரைவில்’னு ஒண்ணு வருது பாரு. உலகத்துல இருக்கற எல்லாத்துக்கும் என்கிட்ட ஒரு அலமாரி இருக்கு. இந்த ‘விரைவில்’ங்கறதை எங்க கொண்டுபோய் வைக்கறது?” இன்னொரு நாள்: “எலிக்கு அவங்களே நோயைக் கொடுக்கறாங்க, அவங்களே தீர்க்கறாங்க. கொடுத்தவனுக்குத் தீர்க்கத் தெரியும். உங்க அண்ணனுக்கு யார் கொடுத்தான்னே தெரியலையே, யாரைப் போய்க் கேக்கறது?”

பிறகு அண்ணனுக்கு விழுங்குவது கடினமாயிற்று. தண்ணீர் குடித்தாலே புரையேறி முகம் சிவந்துபோகும். சட்டைகள் கொடியில் தொங்குவதுபோல அவர் உடம்பில் தொங்கின. வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி அதன் வழியாக உணவு கொடுக்கலாம் என்றார் மருத்துவர். ஆனால் மூச்சு பலவீனப்படுவதற்கு முன் செய்தாகவேண்டும். நாள் கடந்தால் மயக்க மருந்தை அண்ணனின் நுரையீரல் தாங்காது.

அண்ணன் தலையசைத்து மறுத்தார்.

“மருந்து... வருதுன்னா... குழாய்... போட்டுக்கறேன்,” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே வாயோரம் துடைக்கவேண்டியிருந்தது. “சும்மா... இழுத்துக்கிட்டு... கிடக்கறதுக்கு... வேண்டாம்.”

அண்ணி வாதாடினார், கெஞ்சினார். எதற்கும் அண்ணன் அசையவில்லை. அண்ணி போய்த் தாழிட்டுக்கொண்ட குளியலறையில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. தங்கை வெளியே துண்டை வைத்துக்கொண்டு நின்றாள். தட்டவில்லை.

அந்த வாரம்தான் நாளிதழில் அந்தச் செய்தி வந்தது. அண்ணனுடைய நோயின் பெயரையே தலைப்பில் போட்டிருந்தார்கள்: நோய் முற்றுவதை நிறுத்தும் புதிய மருந்து. தங்கை அறிக்கையைத் தேடியெடுத்து, தலைமுதல் கால்வரை படித்து, அண்ணியை அழைத்தாள்.

“எலிதான், அண்ணி.”

மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை. “சரி,” என்றார் அண்ணி.

மறுநாள் மாலை தங்கை நூலகத்துக்குப் போனபோது அந்தச் செய்தி பலகையின் நடுவில் இருந்தது. மூலை வெறுமையாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற தபால்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேசையைப் பார்த்துக் கேட்டார்:

“என்ன எலி மேடம், இதுக்கு ஒண்ணும் எழுதலையே. பென்சில் தீர்ந்துபோச்சா?”

“சீவணும்,” என்றார் அண்ணி.

பென்சில் மேசைமேல் ஊசிபோலக் கூராக இருந்தது. தங்கை அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அண்ணியும் பார்த்தார். எழுந்து வந்து, அவள் முழங்கையைப் பிடித்து, பைண்டிங்குக்குப் போகவேண்டிய கிழிந்த புத்தகங்கள் குவிந்திருக்கும் பின்னறைக்கு அழைத்துப்போனார். அங்கே இருவர் நிற்கத்தான் இடம்.

“நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம். இதுக்கு மேல தள்ளிப்போட முடியாதுன்னுட்டார்.”

“தெரியும், அண்ணி.”

“இன்னைக்கு வீட்டுக்கு வந்து அந்த அறிக்கையை அவருக்குப் படிச்சுச் சொல்றியா?”

“நீங்களே சொல்லலாமே.”

“என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவார். இத்தனை வருஷத்துல அவர்கிட்ட நான் ஒண்ணையும் மாத்திச் சொன்னதில்ல. உன் முகம் தாள்லயேதான் இருக்கும். படிக்கும்போது நீ யாரையும் பார்க்கமாட்டே.”

தங்கை ஒரு புத்தகத்தின் பிரிந்த முதுகை விரலால் அழுத்திப் பிடித்தாள். “எலியா மனுஷனான்னு கேட்பாரே.”

“கேட்பார்.” அண்ணியின் குரல் இறங்கியது. “குழாயை மட்டும் போட்டுக்கட்டும். அப்புறம் தெரிஞ்சு என்னைத் திட்டட்டும். திட்டறதுக்காவது இருக்கட்டும்.”

வெளியே தபால்காரர் நாளிதழைப் புரட்டும் சத்தம் கேட்டது. அண்ணி அவள் கையை இன்னும் விடவில்லை.

“கேட்டார்னா, மனுஷன்னு சொல்லிடும்மா.”