எனக்குத் தெரிந்த கோளாறுகள் இவ்வளவே

செண்பகனூருக்குக் கீழே மண் சரிந்து பஸ்கள் வரிசையாக நின்றிருந்த காலையில்தான் எனக்குச் செய்தி கிடைத்தது. சரிவைப் பற்றிப் பத்திரிகையில் எழுத நான் போயிருந்தேன். மூன்றாவதாக நின்ற பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"சார், நம்ம சிடிக்காரர் போயிட்டாருங்க. வெள்ளனே, அஞ்சு மணிக்கு. வண்டி எடுக்கும்போதுதான் சொன்னாங்க."

தோல்பைக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு சிடியை எடுத்துக் காட்டினார். "நேத்து சாயங்காலம் அவரு வீட்டம்மா ஸ்டாண்டுக்கு வந்து குடுத்தாங்க. பெருமாள்மலையில பால்பாண்டி கையில குடுக்கணுமாம். இப்போ குடுக்குறதா வேண்டாமான்னு தெரியலைங்க."

நான் வாங்கிக்கொண்டேன். சரிந்த மண்ணின் மேல் நடந்து மறுபக்கம் போனேன்.

உங்களில் பலருக்கு அந்தச் சிடிக்காரரை, இருதயராஜை, ஒரு குரலாக மட்டுமே தெரியும். நீங்கள் போன் செய்திருப்பீர்கள், திட்டியிருப்பீர்கள், அவர் கேட்டிருப்பார். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அவர் கொடைக்கானல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தார். மிச்ச நேரத்தில், தன்னந்தனியாக, 'மலை வண்டி' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதினார். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கும் அங்கிருந்து பூம்பாறைக்கும் பஸ் ஓட்டும் விளையாட்டு. இடிக்காமல் போய்ச் சேர்ந்தால் ஒரு நடை. 'விபத்தில்லா நடை' என்று திரையின் மூலையில் எண் ஏறும். திண்டுக்கல், பழனி, மதுரை என்று பிரவுசிங் சென்டர்களில் அது பரவியது.

எங்கள் ஊர் இணைய வேகத்தில், விளையாட்டின் கோளாறுகளைச் சரிசெய்யும் பேட்ச் எதையும் இறக்க முடியாது. அதனால் திருத்தங்களை அவர் சிடியில் போட்டு, பஸ் கண்டக்டர்களிடம் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு சிடியோடும் கையால் எழுதிய ஒரு தாள் போகும். கோளாறுத் துண்டு என்பார். சீட்டைத் துண்டு என்பது அவர் வீட்டுப் பேச்சு. இந்தப் பேட்சில் என்ன சரியாயிற்று என்று அதில் இருக்காது. இன்னும் என்னென்ன கெட்டிருக்கிறது என்று மட்டும் எண் போட்டு எழுதியிருப்பார். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'எனக்குத் தெரிந்தவை இவ்வளவே.'

மூன்றாவது பேட்சில் அவர் விளையாட்டுக்குள் பனிமூட்டத்தைக் கொண்டுவந்தார். அந்த வாரம் நான் அவர் வீட்டில் இருந்தபோது திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"யோவ், ரோட்டை எங்கய்யா வெச்சிருக்க? பஸ்ஸு பால் சட்டிக்குள்ள ஓடுது."

"அது கோளாறு இல்லைங்க. பெருமாள்மலை."

"பெருமாள்மலைன்னா மறுபடி ரோடு வருமா வராதா?"

"பொறுமையா போனா வரும்."

"அரை மணி நேரமா பொறுமையாத்தான்யா போறேன்."

இருதயராஜ் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அப்போ கோளாறு என்னோடதுதான்" என்றார். பனி விலகவேண்டிய இடத்தில் விலகவில்லை. யார் கூப்பிட்டாலும் அவர் அந்த வாக்கியத்துக்குத்தான் முதலில் வந்து சேருவார். 'நீங்கள் என்ன செய்தீர்கள்' என்று யாரையும் கேட்டதில்லை. ஏன் கேட்பதில்லை என்றேன். "அப்படிக் கேட்டா, அவங்க தன் மேல தப்பு இருக்குமோன்னு பாதியை மறைச்சுருவாங்க. எனக்கு முழுசும் வேணும்" என்றார்.

நான்காவது பேட்ச் போன மூன்றாம் நாள் போன் ஓயவில்லை. எல்லாரும் சொன்னது ஒன்றே: ஓட்டிய நடைகள் அத்தனையும் அழிந்துவிட்டன. விபத்தில்லா நடை, பூஜ்யம். பழனியிலிருந்து ஒருவர் சிடியை இரண்டாக உடைத்து அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினார். 'உன் பஸ்ஸில் இனி நீயே போ' என்று உறைமேல் எழுதியிருந்தது. நான் செய்தியாக்கினேன். எழுதும் முன் அவரிடம் சொன்னேன். "என் நம்பரையும் போடுங்க. ஏசணும்னு நினைக்கிறவங்களுக்கு அலைச்சல் இருக்கக் கூடாது" என்றார். போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். அவருக்கு அப்போதே மூச்சு சரியில்லை என்பது எனக்குத் தெரியாது.

என்ன கோளாறு என்றே அவருக்குப் பிடிபடவில்லை. அவருடைய கம்ப்யூட்டரில் எத்தனை முறை ஓட்டினாலும் நடைகள் பத்திரமாக இருந்தன. ஒரு வாரம் பார்த்துவிட்டு, டாக்டர் குளிரில் வெளியே போகாதே என்று சொல்லியிருந்தும், பெருமாள்மலையில் லதா நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு பஸ் ஏறினார். நானும் போனேன். லதா கம்ப்யூட்டரைப் போட்டார். இருதயராஜ் திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, தேதி தப்பா இருக்கே."

"எப்பவும் அப்படித்தான் சார் கெடக்கு. கரண்ட் போச்சுன்னா தேதி பழைய வருசத்துக்குப் போயிரும். உள்ள பேட்டரி செத்துப்போச்சு. யாரு மாத்துறா? இந்த மலையில எந்தக் கடையில சரியான தேதி இருக்கு?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். தேதி வருங்காலத்தில் இருக்கும் பதிவுகளெல்லாம் பழுதானவை, அழித்துவிடு என்று நான்காவது பேட்சில் அவரே எழுதியிருந்தார். கரண்ட் போய் கம்ப்யூட்டர் பழைய வருடத்துக்குத் திரும்பியதும், மக்கள் ஓட்டிய நடைகள் எல்லாம் வருங்காலம் ஆகிவிட்டன. அவர் தினமும் காலையில் ரேடியோ மணியைக் கேட்டுத் தன் கம்ப்யூட்டரின் நேரத்தையும் தேதியையும் சரிசெய்துவிட்டுத்தான் வேலையில் உட்காருவார். அந்தப் பழக்கத்தால்தான் இந்தக் கோளாறு அவர் கண்ணில் படவே இல்லை.

"என்னை மாதிரி எல்லாரும் வெச்சிருப்பாங்கன்னு நினைச்சிட்டேன்" என்றார்.

அந்தக் கடையில்தான் பால்பாண்டி இருந்தார். பூம்பாறை லைனில் பஸ் ஓட்டியவர். பனியில் ஒரு வளைவில் அவர் பஸ்ஸில் அடிபட்டு, கேரட் மூட்டையோடு நடந்துவந்த ஒருவர் இறந்தார். அந்தச் செய்தியை எழுதியதும் நான்தான். கோர்ட் அவரை விடுவித்தது. அவர் அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. இரண்டு வருடமாக லதாவின் கடையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, காக்கிச் சட்டை போட்டுவந்து அதே பூம்பாறை லைனை ஓட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு விபத்தில்லா நடை. அதுதான் பூஜ்யமாகியிருந்தது.

இருதயராஜ் அவர் பக்கத்தில் போய் நின்றார். "கோளாறு என்னோடதுதான் அண்ணே. நானூத்திப் பன்னெண்டுதானே? இப்பவே அந்த எண்ணைப் போட்டுத் தந்துர்றேன்."

பால்பாண்டி திரும்பவில்லை. "எண்ணை எழுதிப்புட்டா ஓட்டுனதா ஆயிருமாங்க? அப்படின்னா செத்தவனையும் செத்தவன் இல்லைன்னு எழுதிரலாமே."

எழுந்து போய்விட்டார். இருதயராஜ் அன்று திரும்பும் பஸ்ஸில் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "தேடணும்."

அழிந்த பதிவுகளைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் தட்டிலிருந்து தோண்டி எடுக்க முடியும், அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வாரமாக ஊரே படம் பார்த்திருந்தது. லதா அதை அணைத்து, துணி போட்டு மூடி வைத்தார். இருதயராஜ் பதினோரு நாள் அங்கே போய்வந்தார். பன்னிரண்டாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. தட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். மூச்சுக்குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு கட்டிலிலிருந்தே தேடினார். அவர் மனைவி ஸ்டெல்லா கீபோர்டைத் தலையணை மேல் வைத்துப் பிடித்துக்கொள்வார்.

தினமும் நான்கு மணிக்கு லதாவின் கடைக்குப் போன் செய்வார். "பால்பாண்டி அண்ணன் இருக்காரா?" ஓட்டாவிட்டாலும் கடைக்கு வந்துகொண்டிருந்த பால்பாண்டி எதிரிலேயே உட்கார்ந்து, இல்லை என்று சொல்லச் சொல்லிக் கையை ஆட்டுவார். ஒரு நாள் நான் அங்கே இருந்தேன். லதா போனைப் பொத்திக்கொண்டு, "பாவம் அண்ணே, பேச முடியாம இரைக்குது. ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றார். "பேசி?" என்றார் பால்பாண்டி. லதா கையை எடுத்து, "இப்பத்தான் வெளிய போனாரு சார்" என்றார். அந்தப் பக்கத்தில், "சரிம்மா, நாளைக்குக் கூப்பிடுறேன்" என்ற குரல் எனக்கும் கேட்டது. பால்பாண்டிக்கும் கேட்டிருக்கும்.

மண்சரிவைத் தாண்டி, ஒரு ஜீப்பைப் பிடித்து, அந்தக் கடைக்குத்தான் சிடியைக் கொண்டுபோனேன். செய்தியைச் சொன்னேன். பால்பாண்டி சிடியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு நாலு மணிக்குப் போன் வராதுங்களா" என்றார்.

என்னோடு அடக்கத்துக்கு வந்தார். கல்லறைத் தோட்டத்தின் கதவருகே, உள்ளே வராமல், மழையில் நின்றார். ஸ்டெல்லா அவரைத் தேடிப்போய், "உங்களைப் பத்தித்தான் கதைச்சுக்கிட்டே இருந்தாரு" என்றார்.

பத்து நாள் கழித்து லதா எனக்குப் போன் செய்தார். பால்பாண்டி வந்திருக்கிறார், வெரசா வாங்க என்றார். நான் போனபோது சிடி உள்ளே போயிருந்தது. செய்தித்தாள் சுருளில் இருந்த துண்டு மேஜையில் விரிந்து கிடந்தது. எழுத்து கோணலாக, சில இடங்களில் பேனா வழுக்கி இருந்தது. எட்டுக் கோளாறுகள். எட்டாவது இது: 'பெருமாள்மலைக் கடையில் பால்பாண்டி அண்ணன் ஓட்டிய நானூற்றுப் பன்னிரண்டு நடைகளில் பதினேழு மட்டும் கிடைத்தன. மற்றவை இனிக் கிடைக்காது. கோளாறு என்னுடையது.' அதன் கீழே, 'எனக்குத் தெரிந்தவை இவ்வளவே.'

திரையின் மூலையில் பதினேழு என்று இருந்தது. பால்பாண்டி ஓட்டத் தொடங்கினார். பூம்பாறை போகும் வழியில் பனி இறங்கியது. அந்த வளைவில் திடீரென்று பிரேக்கை மிதித்தார். ஒரு லாரி உரசுவதுபோல் கடந்து போனது. பஸ் ஊர் போய்ச் சேர்ந்தது. பதினெட்டு.

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "பனிக்குள்ள எதிர்ல வர்ற லாரிக்கு விளக்கு எரியலை" என்றார். "இது தப்பு. அவருகிட்டச் சொல்லணும்." போனை எடுத்து நான்கு எண்கள் வரை அழுத்தினார். பிறகு மெதுவாக வைத்துவிட்டார். யாரிடம் சொல்வது என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. இதுவரை தெரியவில்லை.

லதாவிடம் பேனா கேட்டார். துண்டில், கடைசி வரிக்கும் கீழே, ஒன்பது என்று எண் போட்டு, விளக்கு எரியாததை எழுதினார். என்னிடம் கொடுத்தார். "நீங்க வெச்சுக்கங்க. எங்கிட்ட இருந்தா தினமும் படிப்பேன்."

இருதயராஜிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். எட்டுக் கோளாறுகள் அவர் கையெழுத்து. ஒன்பதாவதை அவர் பார்க்கவில்லை. நீங்கள் கடைசியாக அவர் போன் எண்ணுக்குக் கூப்பிட்டது எதற்கு, என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்தத் தாளில் இன்னும் இடம் இருக்கிறது.