கம்பெனிக்குள் எடுத்த ஒரே படம்

நான் வேலை பார்த்த செல்போன் கம்பெனியை மூடிய பிறகுதான், பாழடைந்த கட்டடங்களைப் படம் எடுக்கிற கிறுக்கு எனக்குப் பிடித்தது. வல்லம் வடகாலில் வேறு வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மற்ற பெண்கள் துணி துவைத்து, தலைக்குக் குளித்துவிட்டுத் தூங்குவார்கள். நான் ஒரு பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரகடம் பக்கம் கிளம்பிவிடுவேன். கம்பி துருத்திக்கொண்டு பாதியில் நின்ற அடுக்குமாடிகள், ஷட்டர் இறக்கிய மெஸ், சேரப்பணஞ்சேரி பக்கம் நாங்கள் ஒண்டிக் கிடந்த ஹாஸ்டல். ஹாஸ்டல் கதவுக்குப் பின்னால் எங்கள் ஸ்டிக்கர் பொட்டுகள் இன்னும் ஒட்டியிருந்தன. “உனக்கு வேற பொழப்பே இல்லையா?” என்று கேட்காத ஆள் இல்லை. இல்லைதான், போங்கள்.

ஆனால் கம்பெனிக்குள் மட்டும் போகவில்லை. லைனில் என் பக்கத்தில் வேலை பார்த்தவள், அறையில் என் பக்கத்துப் பாயில் படுத்தவள், கம்பெனி மூடுவதற்கு முந்திய மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனாள். அவள் இல்லாத அந்த ஹாலைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அவள் அம்மா சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். மகள் ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தவர். ஊருக்கு நாங்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்வோம். ஒருநாள் போனில் கேட்டார்: “தாயி, அவ வேலை பாத்த எடத்த நான் பாக்கவே இல்லையே. ஒரு போட்டோவாச்சும் இருக்கா?”

இருந்தால்தானே! வாசலிலேயே போனை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். வருடக்கணக்காக அங்கே உழைத்த எங்களில் ஒருத்தியிடமும் உள்ளே எடுத்த படம் கிடையாது. ஏலம் எடுத்தவர்கள் சாமான்களை ஏற்றி முடித்துவிட்டதாகவும், அடுத்து தரையைப் பெயர்க்கப் போவதாகவும் கேள்விப்பட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன மனுஷி?

வாசலில் இருந்தவர் பழைய வாட்ச்மேன், உள்ளூர்க்காரர். என்னை அடையாளம் தெரிந்தது.

“எல்லாத்தையும் வழிச்சிகினு பூட்டானுங்க. உள்ள இன்னா கீதுன்னு படம் புடிக்கப் போற?”

“ஒரே ஒரு படம்ண்ணே.”

“சீக்கிரம் வா. எவனாச்சும் பாத்தா என் வேல பூடும்.”

கரண்டு இல்லாத மெட்டல் டிடெக்டர் சட்டத்துக்குள் நுழைந்ததும் என் இரண்டு கைகளும் தானாக மேலே போயின. தடவிப் பார்க்க ஆளில்லை. சீ, இதென்ன பிறவி என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஹாலில் மெஷின் இல்லை, பெல்ட் இல்லை. ஏசி குழாயைப் பிடுங்கிய ஓட்டை வழியாக வெளிச்சமும் மழைத்தண்ணீரும் இறங்கியிருந்தன. புறா எச்சம் நாறியது. எங்கள் இடம் எது என்றே பிடிபடவில்லை, அழுகை வந்துவிட்டது. தேங்கிய தண்ணீரைச் செருப்பால் தள்ளியபோதுதான் தெரிந்தது. ஒவ்வொருத்தரும் நிற்கவேண்டிய இடத்தில் தரையில் மஞ்சள் பெயின்டில் இரண்டு பாதம் வரைந்திருப்பார்கள். அதைவிட்டு நகர்ந்தால் சூப்பர்வைசர் கத்துவார். தூணை ஒட்டிய ஜோடி என்னுடையது, அடுத்தது அவளுடையது. அவளுடையதில் குதிகால் பக்கம் பெயின்ட் தேய்ந்து போயிருந்தது. வலி தாங்காமல் காலை மாற்றி மாற்றி ஊன்றுவாள். முட்டி போட்டு, துப்பட்டாவால் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் படம் எடுத்தேன்.

பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, பொங்கல் லீவில் நானே கொண்டுபோனேன். சாமி படங்களுக்குக் கீழே முன்கூட்டியே ஆணி அடித்து வைத்திருந்தார் அந்த அம்மா. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“இதுலயா எம்புள்ள காலு வச்சிருந்தா?”

“ஆமாம்மா. இதுதான் அவ இடம்.”

விரலால் தடவிப் பார்த்தார். படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் எதையோ தேடினார்.

“நாக்காலி எங்க தாயி?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நின்று நின்றே பழகிய புத்தி, பாவி, இதை யோசிக்கவே இல்லை. “கம்பெனிய மூடுனதும் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டாங்கம்மா,” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“ஒக்காருறவளுக்கு எதுக்குத் தாயி தரையில காலு வரைஞ்சு வைக்கிறாக?”

படத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“லீவுக்கு வந்தா எந்திரிக்கவே மாட்டா. செவுத்துல காலத் தூக்கிப் போட்டுக் கெடப்பா. ஏசில ஒக்காந்து ஒக்காந்து ஒடம்பு வளைய மாட்டேங்குதான்னு வஞ்சேனே. கடைசியா பஸ் ஏறுன அன்னிக்குக்கூட வஞ்சேனே!”

படத்தை அவர் ஆணியில் மாட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, நான் கிளம்பும்வரை அந்த மஞ்சள் கால்களை அமுக்கிவிட்டுக்கொண்டே இருந்தார்.